குருவி தலையில் பனங்காய் வைக்கச் சொல்லவில்லை!

பட்டிமன்றத் தலைப்பு: வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது அவசியமா? அநாவசியமா?

('அவசியமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

     

நடுவர் ஐயா, எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு. "ஓடுற வண்டியை ஏம்மா நிறுத்தறீங்க? எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயசு. இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அதைப் போய் ஏன் நோண்டணும்?"னு கேட்டாரு. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? அண்ணன் காலையிலே வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு வந்திருக்காரு. இப்பதான் வீட்டிலேயிருந்து போன் வந்திருக்கு, "திரை தெரிஞ்சிடுச்சுங்க"ன்னு! (சிரிப்பு, கைதட்டல்)

முதலிலே ஒண்ணு சொல்லிடறேன். ஆபரேட்டிங் சிஸ்டம்னா என்னன்னு வீட்டிலே இருக்கிற பாட்டிக்குப் புரியணும் இல்லையா? கம்ப்யூட்டர்ங்கறது ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. அந்த வீட்டிலே யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலிலே குளிக்கணும், யார் அப்புறம் குளிக்கணும், அடுப்பை யாருக்கு ஒதுக்கறது, கதவைத் தட்டினா யாருக்குத் திறக்கறது, யாருக்குத் திறக்கக் கூடாது, இத்தனையும் பார்த்துக்கிட்டு, தான் இருக்கிறதே தெரியாம ஒருத்தர் இருப்பாங்க இல்லையா? அவங்க பேர் குடும்பத் தலைவி. கம்ப்யூட்டருக்குள்ளே அவங்க பேர் ஆபரேட்டிங் சிஸ்டம்! (கைதட்டல்)

நடுவர்: ஏம்மா, அப்போ உங்க அணி குடும்பத் தலைவியை மாத்தணும்னு சொல்லுதா? (பலத்த சிரிப்பு)

ஐயா, அதனாலேதான் அந்த உவமையை இத்தோட நிறுத்திக்கறேன். எங்க வீட்டுக்காரர் முதல் வரிசையிலே உட்கார்ந்து ரொம்ப ஆர்வமாக் கேட்டுக்கிட்டிருக்காரு! (சிரிப்பு) வேணும்னா வாசலிலே இருக்கிற காவல்காரர்னு வச்சுக்குவோம். எழுபது வயசுக் காவல்காரர். நல்லவர். விசுவாசமானவர். ஆனால் கண் தெரியலை, காது கேக்கலை. "இத்தனை வருஷம் இருந்தாரே, இருக்கட்டும்"னு சொல்றது கருணை. ஆனால் நடு ராத்திரியிலே சாவியை அவர் கையிலே கொடுத்துட்டுத் தூங்கறது கருணை இல்லை ஐயா, அசட்டுத்தனம்!

எதிரணியிலே நாலு வாதம் வச்சாங்க. ஒண்ணு, ஓடறதைத் தொடாதே. இரண்டு, இது கம்பெனிக்காரன் காசு பிடுங்கற வேலை. மூணு, பெரியவங்களுக்குப் புதுசு பழகாது. நாலு, மாத்தப் போனா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும். நாலுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் உட்காருவேன். நாலாவதுக்குப் பதில் சொல்லும்போது மட்டும் நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். ஏன்னா அது என் வீட்டிலே நடந்த கதை.

முதல் வாதம். ஓடறதைத் தொடாதே.

விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-லே வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோட அதற்கான பராமரிப்பை நிறுத்தினாங்க. விண்டோஸ் 7, 2009-லே வந்தது. 2020 ஜனவரி 14-லே நிறுத்தினாங்க. விண்டோஸ் 10, 2015-லே வந்தது. 2025 அக்டோபர் 14-லே அதையும் நிறுத்தினாங்க. வீட்டு உபயோகத்துக்கு வேணும்னா 2026 அக்டோபர் வரைக்கும் ஒரு வருஷம் நீட்டிப்பு உண்டுன்னு அறிவிச்சாங்க. அவ்வளவுதான்.

நிறுத்தினாங்கன்னா, மறுநாள் காலையிலே கம்ப்யூட்டர் நின்னு போச்சா? இல்லை. முந்தின நாள் மாதிரியேதான் ஓடுச்சு. அதைத்தான் அண்ணன் சொல்றாரு, "ஓடுதே"ன்னு. ஆனால் நின்னு போனது வேற ஒண்ணு. மாசா மாசம் ஓட்டை அடைச்சுக்கிட்டிருந்தாங்களே, அது நின்னு போச்சு.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கு. பழைய ஆபரேட்டிங் சிஸ்டமும் புதுசும் ஒரே வம்சம். தாத்தா வீட்டுக் கதவிலே இருக்கிற பழுது, பேரன் வீட்டுக் கதவிலேயும் இருக்கும். பேரன் வீட்டிலே அந்தப் பழுதைக் கண்டுபிடிச்சு அடைக்கறாங்க. எங்கே அடைச்சாங்கன்னு திருடன் உட்கார்ந்து பார்ப்பான். "ஓகோ, இந்த இடத்திலே பழுதா? அப்போ தாத்தா வீட்டிலே இதே இடத்திலே இன்னும் அடைக்காம இருக்குமே!"ன்னு நேரா அங்கே போவான். புது வீட்டுக்குப் போடற ஒவ்வொரு பூட்டும், பழைய வீட்டுத் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை! (கைதட்டல்) ஆக, தொடாம விட்ட கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறதில்லை ஐயா. நாம ஒண்ணுமே செய்யாமலே மாசத்துக்கு மாசம் பலவீனமாகிக்கிட்டே போகுது.

கதை இல்லை இது. 2017-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி, வான்னாகிரைன்னு ஒண்ணு கிளம்புச்சு. கம்ப்யூட்டருக்குள்ளே புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிட்டு, "300 டாலர் கொடு, திறக்கிறேன்"னு திரையிலே எழுதிக் காட்டுச்சு. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலே பரவுச்சு. இங்கிலாந்திலே அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே கம்ப்யூட்டர் முடங்கி, ஆயிரக்கணக்கான நோயாளிகளை "இன்னைக்கு வேண்டாம், அப்புறம் வாங்க"ன்னு திருப்பி அனுப்பினாங்க. கொடுமை என்னன்னா, அந்த ஓட்டைக்கான அடைப்பு இரண்டு மாசம் முன்னாடியே, மார்ச் 14-ஆம் தேதியே வந்தாச்சு! போட்டுக்கிட்டவன் தப்பிச்சான். "ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு இருந்தவன் மாட்டினான். எக்ஸ்.பி.க்குப் பொதுவா ஒரு அடைப்பும் வரலை. பராமரிப்புதான் மூணு வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சே! ஊரே எரிஞ்ச பிறகு, அவசர அவசரமா எக்ஸ்.பி.க்கும் ஒண்ணு கொடுத்தாங்க.

"எங்க வீட்டிலே என்னம்மா இருக்கு திருடறதுக்கு?"ன்னு கேப்பீங்க. உங்க கம்ப்யூட்டரிலே நகை இல்லை. ஆனால் நகை வாங்கின பேங்கு கணக்கு இருக்கு. ஆதார் அட்டை நகல் இருக்கு. பத்திரத்தை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கீங்க. பொண்ணு ஜாதகம் இருக்கு. அதையும் திருடன் பார்த்துட்டு, "செவ்வாய் தோஷம், வேண்டாம்"னு திருப்பிக் கொடுத்துடுவானா? (சிரிப்பு)

இரண்டாவது வாதம். இது கம்பெனிக்காரன் நம்மைப் புதுசு வாங்க வைக்கிற தந்திரம்.

இதை நான் முழுசா மறுக்க மாட்டேன் ஐயா. நியாயம்னு ஒண்ணு இருக்கு. 1995-லே விண்டோஸ் 95 வந்தபோது, குறைஞ்சது 4 எம்.பி. ரேம் இருந்தாப் போதும்னாங்க. 2021-லே விண்டோஸ் 11 வந்தபோது, குறைஞ்சது 4 ஜி.பி. வேணும்னாங்க. நாலுக்கு நாலுதானேன்னு நினைக்காதீங்க. இது ஆயிரம் மடங்கு! அதுவும் போதாதுன்னு, டி.பி.எம். 2.0-ன்னு ஒரு பாதுகாப்புச் சில்லு வேணும், 64 ஜி.பி. இடம் வேணும், இன்டெல் பிராசஸர்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலேயோ இருக்கணும்னு சொல்லிட்டாங்க. 2017-க்கு முன்னாலே வாங்கின பெரும்பாலான கம்ப்யூட்டர் வாசலிலேயே நின்னுடுச்சு. நல்லா ஓடற பெட்டியைக் குப்பைக்கு அனுப்பினா, அதிலே இருக்கிற ஈயமும் மத்த நஞ்சும் நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் போகும். அண்ணன் கோபம் நியாயமான கோபம்.

ஆனால் ஐயா, எங்க அணியின் தலைப்பு என்ன? மாற்றுவது அவசியம். எதை? ஆபரேட்டிங் சிஸ்டத்தை. கம்ப்யூட்டரை மாத்தச் சொல்லலை. ரொம்பப் புதுசா எது வந்திருக்கோ அதைத்தான் போடணும்னும் சொல்லலை. குருவி தலையிலே பனங்காய் வைக்கச் சொல்லலை ஐயா! குருவி சுமக்கிற அளவுக்கு ஒரு நெல்மணி இருக்கே, அதை வைக்கச் சொல்றோம்! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அந்த நெல்மணிக்கு ஒரு பேர் சொல்லும்மா.

சொல்றேன் ஐயா. 1991-லே பின்லாந்து நாட்டிலே, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலே படிச்சுக்கிட்டிருந்த 21 வயசுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ். தன்னோட கம்ப்யூட்டருக்காகத் தானே ஒண்ணு எழுத ஆரம்பிச்சார். எழுதினதை ஊருக்கே கொடுத்தார். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து வளர்த்தாங்க. அதுதான் லினக்ஸ். நாம ஏதோ அயல் சரக்குன்னு நினைக்க வேண்டாம். உங்க கையிலே இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே அடியிலே இருக்கிறதும் லினக்ஸ்தான். நம்ம நாட்டிலே சி-டாக் நிறுவனம் 'பாஸ்'ங்கற பேரிலே ஒரு லினக்ஸ் தயாரிச்சது. 2011-லே தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சதே, அப்போ கொடுத்த மடிக்கணினிகளிலே இந்தப் பாஸும் இருந்தது. நம்ம பிள்ளைங்களிலே எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க! (சிரிப்பு)

லினக்ஸிலேயே பல வகை உண்டு. இட்லியிலே குஷ்பூ இட்லி, காஞ்சிபுரம் இட்லி, ரவா இட்லின்னு இருக்கிற மாதிரி. லினக்ஸ் மின்ட்னு ஒண்ணு. 2 ஜி.பி. ரேம் இருந்தாலே ஓடும், 4 இருந்தா நிம்மதியா ஓடும். கிட்டத்தட்ட பழைய விண்டோஸ் மாதிரியே கீழே பட்டை, இடது மூலையிலே மெனு. அதுக்கும் தாங்காத பெட்டின்னா இன்னும் இலகுவானதெல்லாம் இருக்கு. விலை? ஒரு பைசா கிடையாது. கம்பெனிக்காரன் காசு பிடுங்கறான்னு சொன்னீங்களே அண்ணே, இங்கே யார் யார்கிட்டே பிடுங்கறது? (கைதட்டல்)

மூணாவது வாதம். பெரியவங்களுக்குப் புதுசு பழகாது.

நடுவர் ஐயா, அம்மியிலே அரைச்சவங்க மிக்ஸிக்கு வரலையா? விறகடுப்பிலே ஊதினவங்க கேஸ் அடுப்புக்கு வரலையா? மணியார்டர் வாங்கின பாட்டி இன்னைக்கு ஏ.டி.எம். வாசலிலே நிக்கலையா? பெரியவங்களுக்குப் பழகாதுங்கறது பெரியவங்க சொல்றது இல்லை ஐயா. சொல்லிக் கொடுக்கப் பொறுமை இல்லாத சின்னவங்க சொல்றது! (பலத்த கைதட்டல்)

இப்போ நாலாவது வாதத்துக்கு வர்றேன். மாத்தப் போனா உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும். எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாச் சொன்னாங்க. அவங்க சொன்னது உண்மை. எனக்கு நடந்திருக்கு.

எங்க அம்மாவுக்குப் பாட்டு வரும். மேடையிலே பாடினவங்க இல்லை. தொட்டில் பக்கத்திலே பாடினவங்க. 2009-லே என் தம்பி ஒரு மைக் வாங்கிட்டு வந்து, எங்க வீட்டுக் கம்ப்யூட்டரிலே அம்மாவைப் பாட வச்சுப் பதிவு பண்ணினான். பதினோரு நிமிஷம். நடுவிலே ஒரு இடத்திலே குக்கர் விசில் அடிக்கும். அம்மா பாட்டை நிறுத்திட்டு, "அதை இறக்கி வைடி"ன்னு என்னைச் சொல்லிட்டு மறுபடியும் பாடுவாங்க. 2012-லே அம்மா தவறிப் போயிட்டாங்க.

2016-லே அந்தக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிப் போச்சு. எக்ஸ்.பி. ஓடிக்கிட்டிருந்தது. என் பையனுக்கு அப்போ பதினாறு வயசு. "அம்மா, நான் ஃபார்மட் அடிச்சுப் புதுசு போட்டுடறேன்"னான். எனக்கு அன்னைக்கு ராத்திரியே ஸ்கூல் மார்க் லிஸ்ட் தட்டி முடிக்கணும். "சீக்கிரம் முடிடா, சீக்கிரம் முடிடா"ன்னு பின்னாலேயே நின்னேன். அவனும் கேட்டான், "எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன்மா, அடிக்கட்டுமா?"ன்னு. "அடி"ன்னேன். அடிச்சான்.

அவன் காப்பி எடுத்தது டி டிரைவை. அதிலே நாப்பது சினிமா இருந்தது. நாப்பதும் பத்திரமா இருந்தது. அம்மா பாட்டு இருந்தது டெஸ்க்டாப்பிலே. டெஸ்க்டாப் இருக்கிறது சி டிரைவிலே.

(அரங்கம் அமைதி)

கடைக்காரங்க நாலு பேர்கிட்டே கொண்டுபோய்க் காட்டினோம். அதுக்கு மேலே புதுசா எழுதியாச்சு, வராதுன்னுட்டாங்க. என் பையன் இரண்டு நாள் சாப்பிடலை. நான் அவனைத் திட்டலை ஐயா. திட்ட எனக்கு உரிமை இல்லை. அவசரப்படுத்தினது நான்.

இப்படிப்பட்ட நான் ஏன் இந்த அணியிலே நின்னு, மாத்தணும்னு பேசறேன்? என் அம்மா குரலை அழிச்சது புது ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. அம்மா குரலை ஒரே ஒரு இடத்திலே வச்சிருந்தோமே, அந்த அலட்சியம் அழிச்சது. மாத்தாமலே இருந்திருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் நின்னிருக்கும். அன்னைக்கும் அந்தக் குரல் போயிருக்கும். மருந்து சாப்பிட்டுப் புரையேறிச்சுன்னா, மருந்தை விடக் கூடாது ஐயா. நிதானமாச் சாப்பிடக் கத்துக்கணும். (கைதட்டல்)

கதை அத்தோட முடியலை. எங்க அப்பாவுக்கு இப்போ எண்பது வயசு. கும்பகோணம் பக்கத்திலே இருக்காரு. பி.டி.ஓ. ஆபீஸிலே கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ் டைப்ரைட்டரிலே ஹையர் பாஸ் பண்ணினவர். தன் தாத்தா காலத்திலேயிருந்து குடும்பக் கதையைக் கம்ப்யூட்டரிலே தட்டிக்கிட்டு வர்றாரு. 212 பக்கம். காவேரியிலே வெள்ளம் வந்தப்போ பெரியப்பா மாட்டைக் காப்பாத்தினது, அத்தை கல்யாணத்துக்கு நெல் வித்தது, எல்லாம் அதிலே இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் 2016-லே வாங்கினது. ஆறாவது தலைமுறை பிராசஸர், 4 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் வந்ததும் திரையிலே எச்சரிக்கை வர ஆரம்பிச்சது. ஒரு கடையிலே, "இதுக்குப் பதினொண்ணு ஏறாதுக்கா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க"ன்னுட்டாங்க.

நான் ஊருக்குப் போய், "அப்பா, மாத்திடுவோம்"னேன். அப்பா என்னைப் பார்த்தார். "உங்க அம்மா குரலை அழிச்சீங்க. இதையும் அழிக்க வந்திருக்கியா?"ன்னார். ஐயா, எந்த எதிரணிப் பேச்சாளரும் என்னை அப்படி மடக்கினது இல்லை.

என்ன செஞ்சோம்? இதைச் சொல்றதுக்குத்தான் இந்தக் கதையையே சொன்னேன். வீட்டிலே இருக்கிறவங்க தயவுசெஞ்சு குறிச்சுக்குங்க.

முதல் வேலை, எதையும் தொடறதுக்கு முன்னாலே அப்பாகிட்டேயே உட்கார்ந்து, "எதெது போனா உங்களுக்கு மனசு வலிக்கும்?"னு ஒரு பட்டியல் எழுதினோம். கம்ப்யூட்டரைக் கேட்டு எழுதலை, மனுஷனைக் கேட்டு எழுதினோம். டெஸ்க்டாப்பிலே இருக்கிறது, டவுன்லோடு ஃபோல்டரிலே இருக்கிறது, மெயிலிலே இருக்கிறது, பாஸ்வேர்டு, எல்லாம். இரண்டாவது, இரண்டு வேற வேற இடத்திலே நகல் எடுத்தோம். ஒண்ணு வெளி ஹார்ட் டிஸ்க்கிலே, ஒண்ணு பென் டிரைவிலே. மூணாவது, அந்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரிலே போட்டுத் திறந்து பார்த்தோம். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை ஐயா. கிழிச்சுப் பார்க்காத தேர்தல் வாக்குறுதி மாதிரி, உள்ளே ஒண்ணும் இல்லாமலும் இருக்கும்! (சிரிப்பு)

திறந்தா பெரிய அதிர்ச்சி. அப்பா தட்டினது யூனிகோடு வர்றதுக்கு முந்தைய பழைய எழுத்துருவிலே. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலே, தமிழ் முழுசும் கோணல்மாணலா ஆங்கிலக் குறியாத் தெரியுது. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டது. அப்பாவுக்கு விரல் பழகினது பழசிலே, அதனாலே பழசிலேயே தட்டிக்கிட்டிருந்தார். எதிரணி சொல்றபடி தொடாமலே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? 212 பக்கமும் இருந்திருக்கும். பேரப் பிள்ளைங்க ஒருத்தராலேயும் படிக்க முடியாமல் இருந்திருக்கும்! எழுத்துரு மாற்றி மென்பொருளிலே போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து வரி வரியாச் சரிபார்த்தோம்.

நாலாவது, லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலே போட்டு, கம்ப்யூட்டரிலே நிறுவாமலே ஓட்டிப் பார்த்தோம். அது ஒரு பெரிய வசதி. பொண்ணு பார்க்கிற மாதிரி. பிடிக்கலைன்னா பஜ்ஜி சொஜ்ஜியோட எழுந்து வந்துடலாம்! (சிரிப்பு) பிரின்டர் வேலை செய்யுதா, சத்தம் வருதா, வைஃபை எடுக்குதா, அப்பாவோட டைப்ரைட்டர் விசைப்பலகை வருதா, எல்லாம் பார்த்தோம். வந்தது.

அஞ்சாவதுதான் முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட்டே அடிக்கலை. ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கினோம், இன்னொரு 4 ஜி.பி. ரேம் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து நாலாயிரத்துக்குள்ளே முடிஞ்சது. பழைய டிஸ்க்கை அப்படியே கழட்டி எடுத்துட்டு, புதுசை மாட்டி அதிலே மின்ட்டைப் போட்டோம். யு.பி.எஸ். இருக்கான்னு பார்த்துட்டுப் போட்டோம், ஏன்னா பாதியிலே கரண்டு போனா கதை கந்தல். ஞாயித்துக்கிழமை காலையிலே போட்டோம். மறுநாள் எந்த அவசரமும் இல்லாத நாளாப் பார்த்துப் போட்டோம். இந்தத் தடவை நான் பின்னாலே நிக்கலை. என் பையன் பொறுமையாப் பண்ணினான். அவனுக்கும் அந்த நாள் தேவைப்பட்டது ஐயா.

நாலு நிமிஷம் எடுத்த கம்ப்யூட்டர் இப்போ அரை நிமிஷத்திலே எழுந்திரிக்குது. அந்தப் பழைய டிஸ்க்கை அப்பா என்ன பண்ணினார் தெரியுமா? துணியிலே சுத்தி, பீரோவிலே வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்திலே வச்சுட்டார்.

நடுவர்: (மணியடித்து) உங்க நேரம் முடியப் போகுதும்மா.

இதோ முடிச்சிடறேன் ஐயா. ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். எல்லோருக்கும் லினக்ஸ்தான்னு நான் சொல்ல வரலை. வீட்டிலே டாலியிலே கணக்கு எழுதறவங்க, விண்டோஸிலே மட்டுமே ஓடற சாஃப்ட்வேரை நம்பிப் பிழைக்கிறவங்க, அந்த வேலைக்கு விண்டோஸ்தான் வச்சுக்கணும். பெட்டி விண்டோஸ் 11-க்குத் தகுதியா இருந்தா அதையே போட்டுக்குங்க. பழசை மாத்தவே முடியாத நிலைமைன்னா, அதை இன்டர்நெட்டிலேயிருந்து பிரிச்சுடுங்க. பேங்கு வேலையை அதிலே பார்க்காதீங்க. எது புதுசுன்னு கேக்காதீங்க. நம்ம பெட்டி எதைத் தாங்கும், எதற்கு இன்னும் பராமரிப்பு நடக்குது, இந்த இரண்டை மட்டும் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாம் முடிஞ்சு, அப்பா முதல் தடவையாப் புதுத் திரைக்கு முன்னாலே உட்கார்ந்தார். "ஏதாவது தட்டிப் பாருங்கப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் தட்ட ஆரம்பிச்சார். எட்டிப் பார்த்தேன். குடும்பக் கதையிலே 213-ஆம் பக்கம். எங்க அம்மா தொட்டில் பக்கத்திலே பாடின பாட்டு. வரி வரியா, ஞாபகத்திலேயிருந்து தட்டிக்கிட்டிருந்தார். ஒரு இடத்திலே நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார், "இந்த இடத்திலேதானேம்மா குக்கர் விசில் வரும்?"

(நீண்ட கைதட்டல்)

அதையும் எழுதினார் ஐயா. குரல் போச்சு. திரும்பி வராது. ஆனால் வார்த்தை இப்போ மூணு இடத்திலே இருக்கு.

பெட்டி இரும்பு. இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்குத் துருப்பிடிக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் வாடகை வீடு. காலி பண்ணித்தான் ஆகணும். உள்ளே நாம வச்சிருக்கிறதுதான் நம்ம சொந்தம். கூரை ஒழுகுற வீட்டிலே சொந்தத்தை விட்டு வைக்கிறது பாசம் இல்லை. பத்திரமா இன்னொரு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுதான் பாசம். ஆகவே நடுவர் அவர்களே, வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது அவசியமே, அவசியமே என்று நல்லதொரு தீர்ப்பு வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். 

(பலத்த கைதட்டல்)